இரு பக்கமும் பேசத் தெரிந்தவர்

முப்பத்து நான்கு வயதில் ஒருத்தி தன்னை ஓய்வு பெற்ற பேச்சாளர் என்று சொல்லிக்கொண்டால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். கோவில்பட்டியில் நான் தமிழ் கற்பிக்கும் கல்லூரியின் பேச்சு மன்ற மாணவர்களுக்கும் வந்தது. ஆண்டு மலருக்கு மேடை அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள், கைப்பேசியில் ஒரு பழைய பட்டிமன்றத் துணுக்கை ஓட்டிக் காட்டினார்கள். ஒரு நிமிடம்கூட நீளாத துணுக்கு. என் கணவர் சரவணன் குடிகாரனைப் போலத் தள்ளாடி நடித்துக் காட்டுகிறார். எதிரணி நாற்காலியில் அமர்ந்து நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன்.

"சார் செமயா பண்ணியிருக்காங்க மேடம். அதுலயும் நீங்க சிரிக்கீங்க பாருங்க, அதான் ஹைலைட். நல்லாப் போய்க்கிட்டிருக்கும்போது ரெண்டு பேரும் ஏன் மேடம் விட்டீங்க?" என்றாள் மன்றச் செயலாளரான மாணவி.

இப்போது பட்டிமன்றங்கள் இத்தகைய துணுக்குகளுக்காகவே நடத்தப்படுகின்றன. முன்னும் பின்னும் வெட்டப்பட்ட சிரிப்பு ஊர் ஊராகச் சுற்றுகிறது. வெட்டி எறியப்பட்ட பகுதியில் என்ன இருந்தது என்பதை எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று. நான் தோற்று இறங்கியவள் அல்லள். நான் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போன கூட்டத்தை நான் பார்த்ததில்லை. எட்டயபுரத்துப் பள்ளி மேடையிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி விழாப் பந்தல் வரை என் பெயரை அறிவித்ததும் எழுந்த கைத்தட்டல் எவரும் இரங்கிக் கொடுத்ததன்று.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேச்சுப் போட்டிகளுக்குப் பஞ்சமில்லாத ஊரில் படித்தேன். பாதங்களை ஊன்றி நிற்கவும், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காமல் இருக்கவும், சீட்டு எடுத்து எந்தப் பக்கம் வந்தாலும் அதையே என் பிறவிக் கொள்கையாகப் பேசவும் கற்றேன். கல்லூரிப் போட்டி ஒன்றில் சரவணன் என்னைத் தோற்கடித்தார். கூட்டுக் குடும்பத்தின் சிதைவைப் பற்றிப் பேசி, முடிக்கும்போது கண்ணீர் விட்டார். நடுவர் மூவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கீழே இறங்கியதும், "நிஜமாவே அழுதீங்களா?" என்று கேட்டேன்.

"சீட்டுல அது வந்துச்சு. தனிக்குடித்தனம் வந்திருந்தா அதுக்கும் அழுதிருப்பேன்," என்று சிரித்தார்.

அந்தப் பதிலுக்காகத்தான் அவரைக் காதலித்தேன். இப்போது எழுதிப் பார்க்கையில் அச்சமாக இருக்கிறது.

திருமணம் முடிந்த ஆண்டே ஒரு பட்டிமன்றக் குழுவில் இருவரும் சேர்ந்தோம். குழுவை நடத்திய நடுவர் ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். எல்லோரும் ஐயா என்போம். அவருடைய முறைகளை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த முறைகளுக்குள்தான் நாங்கள் குடித்தனம் நடத்தினோம்.

வேன் ஊர் எல்லையைத் தொட்டதும் ஐயா அதை நிறுத்தச் சொல்வார். முதலில் தாம் இறங்கி, விழாக் குழுவினரிடம் அந்த ஊரில் அண்மையில் யார் வீட்டில் சாவு, யாருக்கும் யாருக்கும் வழக்கு என்று விசாரிப்பார். பிறகு எங்களிடம் திரும்பி, "மாமியார் நகைச்சுவை வேண்டாம். தலைவர் வீட்டில் மருமகள் பிரச்சினை," என்று தாழ்ந்த குரலில் சொல்வார். மேடைக்கு வெளியே அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதேயில்லை. மேடையில் அணிகள் அமரும் வரிசை, ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இருக்க வேண்டிய இடைவெளி, தண்ணீர் குடிக்க வேண்டிய இடம் எல்லாம் அவர் வகுத்தவை. எல்லாவற்றிலும் கறாரான விதி ஒன்றுண்டு. நகைச்சுவை சொல்லப்படும்போது எதிரணியே முதலில் சிரிக்க வேண்டும்.

"கூட்டம் எதிரணியின் முகத்தைத்தான் பார்க்கும் அம்மா. நீங்கள் சிரித்துவிட்டால் அவர்களுக்கு அனுமதி கிடைத்துவிடும்," என்பார்.

கணவனும் மனைவியும் எதிரெதிர் அணி என்பது எங்கள் குழுவின் விளம்பரம். ஆகவே சரவணனின் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் முதல் சிரிப்பைத் தர வேண்டியவள் நான்.

அவர் எப்போது குடிக்கத் தொடங்கினார் என்று கேட்டால் சொல்ல முடியவில்லை. நிகழ்ச்சி முடிந்தபின் களைப்புக்கு என்று இருந்தது, நிகழ்ச்சிக்கு முன் கலகலப்புக்கு என்று ஆயிற்று; பிறகு நிகழ்ச்சியே தேவைப்படவில்லை. குழுவில் அதைக் குடி என்று எவரும் சொன்னதில்லை. ஐயா அதற்கு நாகரிகமான பெயர் ஒன்று வைத்திருந்தார். "தம்பிக்கு இன்று தொண்டை சரியில்லை. நீங்கள் நேரத்தைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா," என்பார். வேன் ஓட்டிய அண்ணாச்சிகூடச் சரவணனைத் தாங்கிப் பிடித்து ஏற்றும்போது, "தொண்ட ரொம்பக் கட்டியிருக்கு போல," என்று எனக்கு ஆறுதல் சொல்வார். தம்மை மதித்தவரைப் பற்றி இழிவாக ஒரு சொல் சொல்லக்கூடாது என்பது அண்ணாச்சியின் பண்பு. ஐயாவுக்கு அந்தப் பண்பும் கிடையாது. சரவணன் இல்லாவிட்டால் கூட்டம் குறையும் என்பது ஒன்றே அவர் கணக்கு.

என் மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். "எம் மவன் ஊரு மெச்சப் பேசுதான். குடிகாரப்பய அப்படிப் பேசுவானாட்டி?" என்றார்.

மாணவர்கள் ரசித்த அந்த நகைச்சுவைக்கு வருகிறேன். குடித்துவிட்டு வந்த ஒருவன் பூட்டிய கதவின் முன் நின்று, "கதவு அவர்களே! தாங்கள் எந்த அணி?" என்று கேட்கிறான். உள்ளிருந்து மனைவியின் அழுகைச் சத்தம் வருகிறது. "ஆகா, எதிரணிக்குக் கருத்துத் தட்டுப்பாடு," என்கிறான். மேடையில் அது பக்கத்து வீட்டுக்காரனுக்கு நடந்த கதை. உண்மையில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. கதவுக்குப் பின்னால் இருந்தவள் நான். அடுத்த வாரமே அதை அவர் பசுவந்தனைக் கோயில் கொடை விழாவில் முதன்முதலாகச் சொன்னபோது கூட்டம் என் முகத்தைப் பார்த்தது. நான் சிரித்தேன். கூட்டத்துக்கு அனுமதி கிடைத்தது.

வீட்டில் நான் மேடையை விடக் கூர்மையாக வாதிட்டேன். உடல், மானம், பிள்ளையில்லாத வெறுமை, தாயின் முதுமை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவர் தலை குனிந்து முழுவதையும் கேட்பார். குறுக்கே பேச மாட்டார். முடிவில் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் பக்கந்தான் ஞாயம். ஒரு பாயிண்டுக்குக்கூட என்கிட்ட மறுப்பு இல்ல ட்டீ. இந்த நிமிஷத்தோட விட்டுட்டேன்," என்பார். கண்ணில் நீர் நிற்கும். பேச்சாளர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய ஏமாற்றம் இது. எதிராளி மறுக்கவில்லை என்றால் வென்றுவிட்டோம் என்றுதான் நாங்கள் பழகியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் வென்றேன். மறுநாள் மாலையே அவர் வாயில், குடி வாடையை மறைக்க மெல்லும் கிராம்பு மணந்தது.

போகப் போக, அவர் குடியை விட வேண்டும் என்ற ஆசைகூட எனக்குள் மங்கிவிட்டது. வேறொன்று வேண்டியிருந்தது. எதுகை இல்லாத, கண்ணீர் இல்லாத, யார் பக்கமும் சாயாத ஓர் உண்மையான வாக்கியத்தை அவர் வாயால் என்னிடம் சொல்ல வேண்டும். அது மட்டும் கிடைத்தால் அதைப் பற்றிக்கொண்டு எவ்வளவு தூரமும் அவரோடு நடப்பேன் என்று நினைத்தேன்.

மதுரையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தேன். அங்கே நடந்ததை எந்தக் கதையாசிரியரும் துணிந்து எழுதமாட்டார். குழுக் கூட்டத்தில் சரவணன் பேசிய பேச்சில் மற்ற நோயாளிகள் தேம்பி அழுதார்களாம். ஆலோசகர் நெகிழ்ந்துபோய், புதிதாகச் சேர்பவர்களிடம் பேசும் பொறுப்பையே அவரிடம் கொடுத்துவிட்டார். "உங்க ஹஸ்பண்ட் மாதிரி தெளிவா தன்னைப் புரிஞ்சுக்கிட்டவரை நான் பார்த்ததில்லை," என்று என்னிடம் சொன்னார். நானும் நம்பினேன். அவர் திரும்பி வந்ததும் ஐயா புதிய சுவரொட்டி அடித்தார். குடியை வென்ற பேச்சாளர் என்று அதில் இருந்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் போதை ஒழிப்புக் கூட்டங்களுக்கு அவரை அழைத்தன. சில மாதங்கள் உண்மையிலேயே குடிக்காமல் இருந்தார் என்று இன்றும் எண்ணிக்கொள்கிறேன். பிறகு சமையலறையில் கிராம்பு டப்பா காலியாகத் தொடங்கியது. அழைப்புகள் மட்டும் நிற்கவில்லை.

கோவில்பட்டியில் ஒரு கல்லூரி அரங்கில் முற்பகல் கூட்டம். தீப்பெட்டித் தொழிற்சாலை நடத்தும் ஒரு குடும்பத்தார் செலவை ஏற்றிருந்தார்கள். நான் முன்வரிசையில் அமர்ந்திருந்தேன். சரவணன் அன்று குடிகாரனைப் பற்றிப் பேசவில்லை. குடிகாரனின் மனைவியைப் பற்றிப் பேசினார். குரலைத் தாழ்த்தி, அரங்கு முழுவதும் மூச்சடக்கிக் காத்திருக்க வைத்து, அவள் சொல்வதாக ஒரு வாக்கியம் சொன்னார். "நீங்க தூங்கும்போது மூச்சு வருதான்னு பாத்துட்டுத்தான் நான் கண்ண மூடுதேன்."

அரங்கில் விசும்பல் கேட்டது. அந்த வாக்கியம் என்னுடையது. ஒரு காலைப் பொழுதில், அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனியாமல் அவரிடம் நான் சொன்னது. அப்போது அவர் பதில் சொல்லவில்லை. மனத்தில் ஏதோ தைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். பேச்சுக்கு எடுத்து வைத்துக்கொண்டார் என்பது அன்றுதான் தெரிந்தது.

கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மையார் என்னை அருகிலிருந்த அறைக்கு அழைத்துப் போனார். தொழிற்சாலை உரிமையாளரின் அக்கா. ராஜம் என்று பெயர். சற்று முன்புதான் மேடைக்கு அழைத்து எனக்குப் பொன்னாடை போர்த்தியவர்.

"தங்கச்சி, ஒங்க வீட்டுக்காரவுகள ஒருக்கா எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாரீங்களா? எம் மவன் கார்த்திக்கு. சென்னையில வேலைய விட்டுட்டு வந்து கெடக்கான். குடிக்கான். அதக்கூட விடுங்க, எங்ககூட ஒத்த வார்த்த பேச மாட்டேங்கான். இவிய சொன்னா கேப்பான்."

பொய்யான சான்றை வைத்து வாதத்தை வெல்வது எனக்குப் பிடிக்காது. "அக்கா, உங்களை ஏமாத்த விரும்பல. அவர் விடல. இன்னைக்கும் குடிச்சிட்டுத்தான் பேசினார்," என்றேன்.

அவர் அதிரவில்லை. "தெரியுமே. கிராம்பு வாசம் மேடையில வச்சே வந்துச்சுல்லா? எங்க வீட்டுலயும் கிராம்பு தங்க மாட்டேங்குது," என்றார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். எந்த நடுவரும் கேட்காமல் வந்த சிரிப்பு. சிரித்து முடித்ததும் அவர் சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "குடிச்சிட்டாவது பேசுதாவளே தங்கச்சி. எம் மவன் வாயத் தொறந்தாப் போதும் எனக்கு."

ஐயாவுக்கு இது பிடிக்கவில்லை. "மேடை மேடையாக இருக்கட்டும் அம்மா. வீடு வீடாகப் போனால் நம் சரக்கு என்னவென்று தெரிந்துவிடும்," என்றார். அந்தச் சொல்லின் இரட்டைப் பொருளை அவரே கவனிக்கவில்லை. இரண்டு பொருளிலும் எங்கள் சரக்கு தெரியட்டும் என்று நான் முடிவு செய்தேன்.

அந்த வாரமே ஒரு மாலையில் சரவணனை அழைத்துப் போனேன். பெரிய வீடு. கார்த்திக் கூடத்துச் சோபாவில் ஒருக்களித்துப் படுத்துக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தான். எழவில்லை. சரவணன் எதிர் நாற்காலியில் அமர்ந்து தொடங்கினார். முதலில் தம் கதை; பிறகு ஒரு சிறு நகைச்சுவை; பிறகு குரல் தாழ்ந்து, மனைவி சொன்னதாக அந்த வாக்கியம். ராஜம் அக்கா அழுதார். நான் அழவில்லை. கார்த்திக் கைப்பேசியை மார்பின்மேல் கவிழ்த்து வைத்தான்.

"நல்லா பேசுதீங்க அண்ணாச்சி. காலைலயா மத்தியானமா?"

"என்ன தம்பி?"

"போட்டது."

ராஜம் அக்கா, "ஏலே, பெரியவியகிட்ட இப்படியாலே பேசுவ?" என்று பதறினார். நான் சரவணனைப் பார்த்தேன். அவருக்குப் பதில் வரும் என்று அறிவேன். எத்தனையோ ஊர்களில், கூட்டத்திலிருந்து எழுந்த எத்தனையோ கிண்டல்களை அவர் திருப்பி அடித்துக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறார். அவருடைய வலக்கை வழக்கம்போல உயர்ந்தது. பாதியில் நின்று மடியில் இறங்கியது.

"ரெண்டு நேரமும்," என்றார்.

அவரே தொடர்ந்தார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "என்னால விட முடியல தம்பி. மதுரையில இருந்தப்பகூட, வெளிய போனதும் மொதல்ல எந்தக் கடைக்குப் போறதுன்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன். பயமா இருக்கு."

கார்த்திக் எழுந்து உட்கார்ந்தான். "எனக்கும்," என்றான்.

ராஜம் அக்கா என் கையை இறுகப் பற்றி அடுக்களைக்கு இழுத்துப் போனார். "பேசுதான் தங்கச்சி! எம் மவன் பேசுதான்!" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கூடத்தில் இரண்டு ஆண் குரல்களும் தணிந்து கேட்டுக்கொண்டிருந்தன. நான் அந்த அடுக்களையில் நின்றபடி, வாழ்க்கையில் முதன்முறையாக இன்னொரு பெண்ணின் மகன்மீது பொறாமைப்பட்டேன். நான் எத்தனையோ காலமாகக் கேட்டு நின்ற வாக்கியம், அரை மணி நேரப் பழக்கமுள்ள ஒருவனுக்குக் கிடைத்துவிட்டது.

வீடு திரும்புகையில் ஆட்டோவில் கேட்டேன். "அதை ஏன் என்கிட்ட ஒரு தடவகூடச் சொல்லல?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மழை காணாத கரிசல் வெடித்துக் கிடந்தது. "அவன்கிட்ட சொன்னா கேட்டுக்கிடுவான். ஒன்கிட்ட சொன்னா நீ பதில் சொல்லுவ ட்டீ," என்றார்.

இதைப் படிப்பவர் எவரும், என் பதில்களால்தான் அவர் குடித்தார் என்று தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். அவர் குடித்ததற்கு அவரே பொறுப்பு. ஒரு மனிதரை இழந்துகொண்டிருக்கிறவள் வாயை மூடிக்கொண்டு இழக்க வேண்டும் என்று எந்த நீதியும் இல்லை. இதை எந்த மேடையிலும் நின்று நிறுவ என்னால் முடியும். ஆனால் ஆட்டோவில், அந்தக் கணத்தில்கூட, அவருக்குச் சொல்ல வேண்டிய மறுப்பு என் நாவில் முழு வாக்கியமாகத் திரண்டு நின்றது; எதுகையோடு நின்றது. அதை உணர்ந்தபோது எனக்கு என் தொழில்மீது அருவருப்பு வந்தது. மறுநாளே ஐயாவிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "கணவரை மட்டுமாவது அனுப்புங்கள்," என்றார். சரவணன் தாமாகவே மறுத்துவிட்டார். குழுவில் இப்போது வேறொரு கணவனும் மனைவியும் பேசுகிறார்கள்.

கார்த்திக் அந்த மாதமே சிகிச்சைக்குப் போனான். இப்போது மாமாவின் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இன்றுவரை குடிப்பதில்லை என்று ராஜம் அக்கா தொலைபேசியில் சொல்வார். "எல்லாம் ஒங்க வீட்டுக்காரவுக புண்ணியம்," என்பார். பிறகு, அவிய எப்படி இருக்காவ என்று கேட்க வாயெடுத்து, கேட்காமலே வைத்துவிடுவார்.

மாணவர்களே, மேடையை ஏன் விட்டேன் என்று கேட்டீர்கள். பதில் சொல்லாமல் இருக்கப் பயின்றுகொண்டிருக்கிறேன். பேசக் கற்றதைவிட இது நீண்ட பயிற்சியாக இருக்கிறது. இதற்குப் பரிசும் இல்லை. பலன் உண்டா என்றும் தெரியவில்லை. அவர் குடிக்கிறார். ஆனால் மாலையில் திரும்பி வந்தால் இப்போது கிராம்பு மெல்வதில்லை.

நேற்று செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "இன்னைக்கும் போயிட்டேன்," என்றார்.

அவருடைய கல்லீரலைப் பற்றி மருத்துவர் சொன்னது, அவர் தாயின் கண்ணீர், என் வயது எல்லாம் வரிசையாக என் நாவில் வந்து நின்றன. உள்ளே போய் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தேன்.